மூன்றாவது போர்ட்டைத் திறந்தால் முதலாவது உறைந்துபோவது ஏன்?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். பழைய பென்டியம் கணினி, அதில் லினக்ஸ். மதர்போர்டிலேயே இரண்டு சீரியல் போர்ட் உண்டு. ஒன்றில் டெர்மினல், இன்னொன்றில் யுபிஎஸ். மேலும் இரண்டு கருவிகளை இணைக்க ஒரு பழைய ஐஎஸ்ஏ (பழைய வகை விரிவாக்க ஸ்லாட்) கார்டைத் தேடிப்பிடித்துச் செருகினீர்கள். லினக்ஸின் மையமான கெர்னல் நான்கு போர்ட்டையும் காட்டுகிறது. ஆனால் மூன்றாவதைத் திறந்த நொடியில் முதல் போர்ட்டில் இருக்கும் டெர்மினல் உறைந்துபோகிறது. மூடினால் மறுபடி உயிர் வருகிறது. கார்டு பழுதா, டிரைவர் ஏதாவது போட வேண்டுமா, பேசாமல் யுஎஸ்பி கேபிள் வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கார்டு பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டிரைவரும் கெர்னலிலேயே இருக்கிறது. இரண்டு போர்ட்டுகள் ஒரே இன்டரப்ட் கம்பியை, அதாவது ‘என்னைக் கவனி’ என்று செயலியை அழைக்கும் கம்பியை, பிடித்து இழுக்கின்றன, அவ்வளவுதான். கடைசியில் யுஎஸ்பிக்குப் போனாலும் போகலாம். ஆனால் அதற்கு முன்னால் செலவில்லாமல் செய்து பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

பல டெர்மினல்களை ஒரே யூனிக்ஸ் கணினியில் தொங்கவிட்டு வேலை செய்த காலத்தில் இருந்து இந்தப் போர்ட்டுகளோடு எனக்குப் பழக்கம். உங்கள் கார்டை நான் பார்க்கவில்லை. அதனால் எது நிச்சயம், எது ஊகம் என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

நிச்சயமானது இது. பிசி வகைக் கணினியில் ஒரு சீரியல் போர்ட்டுக்கு இரண்டு அடையாளங்கள்: ஒரு முகவரி, ஒரு ஐஆர்க்யூ (இன்டரப்ட் கம்பியின் எண்). வழக்கப்படி முதல் போர்ட் 3எஃப்8 முகவரியில் ஐஆர்க்யூ 4. இரண்டாவது 2எஃப்8, ஐஆர்க்யூ 3. மூன்றாவது 3ஈ8, மறுபடியும் ஐஆர்க்யூ 4. நான்காவது 2ஈ8, மறுபடியும் 3. முகவரிகள் நான்கும் வேறு வேறு, இன்டரப்ட்டோ இரண்டே இரண்டு. ஒரு நேரத்தில் ஒரு மோடமும் ஒரு மவுசும் மட்டும் வைத்திருந்த டாஸ் காலத்து ஏற்பாடு இது. நான்கையும் ஒரே சமயத்தில் திறந்து வைக்கும் யூனிக்ஸ் மாதிரி சிஸ்டத்துக்கு இது ஒத்துவராது.

ஏன் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐஎஸ்ஏ பஸ்ஸில் இன்டரப்ட் என்பது கம்பியின் மின்னழுத்தம் கீழிருந்து மேலே ஏறும் அந்தக் கணத்தில் மட்டும் கவனிக்கப்படும். போர்ட்டைத் திறக்கும்போது டிரைவர் சிப்பில் அவுட்2 என்ற ஒரு பிட்டைப் போடும். அப்போதுதான் அந்தப் போர்ட் ஐஆர்க்யூ கம்பியோடு இணையும். இணைந்ததும், சொல்ல எதுவும் இல்லாத நேரத்தில் அது கம்பியைக் கீழே பிடித்துக்கொண்டிருக்கும். முதல் போர்ட் அதே கம்பியை மேலே தூக்கப் பார்த்தால் இது கீழே இழுக்கும். முதல் போர்ட்டின் அழைப்பு கெர்னலின் காதுக்கே எட்டாது. மூடினால் அந்த பிட் போய்விடும், கம்பி விடுபடும், டெர்மினல் பேசும். நீங்கள் எழுதியிருப்பது வரிக்கு வரி இதுதான். சில கெர்னல்கள் இந்த இழுபறி நடக்கவே விடாது. அதே கம்பியில் இருக்கும் இன்னொரு போர்ட்டைத் திறக்கும்போதே ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்று கையை விரித்துவிடும். உங்களுடையது திறக்க விட்டிருக்கிறது.

‘நான்கு போர்ட்டையும் கெர்னல் காட்டுகிறதே’ என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் வழுக்கி விழும் இடம் இது. பூட் ஆகும்போது வரும் வரியை மறுபடி பாருங்கள்: டிடிஒய்எஸ்2 (லினக்ஸ் 0-இலிருந்து எண்ணுவதால் மூன்றாவது போர்ட்டின் பெயர் இது), முகவரி 3ஈ8, ஐஆர்க்யூ 4, சிப் 16550ஏ என்று இருக்கும். இதில் முகவரியும் சிப்பும் கெர்னல் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. ஐஆர்க்யூ அப்படியல்ல, தன்னிடம் உள்ள பழைய அட்டவணையில் இருந்து எடுத்து ஒப்பித்தது. கார்டில் ஜம்பர் (எண்ணைத் தேர்ந்தெடுக்க ஊசிகளில் மாட்டும் சிறு இணைப்பு) 5-இல் இருந்தாலும் அந்த வரி 4 என்றுதான் சொல்லும். எனவே அந்த வரியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சரி, என்ன செய்வது? கார்டை வெளியே எடுத்து ஜம்பர்களைப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் முகவரிக்கு ஒரு வரிசை, ஐஆர்க்யூவுக்கு ஒரு வரிசை இருக்கும், ஓரத்தில் எண்களும் அச்சாகியிருக்கும். மூன்றாவது போர்ட்டை 5-க்கு மாற்றுங்கள். சவுண்டு கார்டோ இரண்டாவது பிரிண்டர் போர்ட்டோ இல்லையென்றால் 5 காலியாகத்தான் இருக்கும். நான்காவதற்கு 9, 10, 11 இவற்றில் ஒன்று. கார்டின் தங்க விளிம்பு ஒரே துண்டாகக் குட்டையாக இருந்தால் அது 8 பிட் கார்டு. அதனால் 10, 11 பக்கம் போக முடியாது. 2 என்று ஜம்பரில் எழுதியிருந்தால் 16 பிட் ஸ்லாட்டில் அது 9 ஆகவே வரும், தாராளமாகப் பயன்படுத்தலாம். பிரிண்டர் வைத்திருக்கவில்லை என்றால் 7-ம் கைவசம் உண்டு. எதை எடுத்தாலும் அந்த ஐஆர்க்யூவைப் பிசிஐக்கு (ஐஎஸ்ஏவுக்குப் பின் வந்த ஸ்லாட் வகை) கொடுக்காமல் ஒதுக்கி வைக்க பயாஸில் ஒரு வசதி இருக்கும். ‘லெகசி ஐஎஸ்ஏ’ என்று மாற்றிவிடுங்கள். இதை மறந்தால் நெட்வொர்க் கார்டு வந்து அதே எண்ணில் உட்கார்ந்துகொள்ளும்.

ஜம்பர் மாறியது கெர்னலுக்குத் தெரியாது. செட்சீரியல் என்ற கட்டளை இருப்பதே இதற்குத்தான். டிடிஒய்எஸ்2-க்கு முகவரி 3ஈ8, ஐஆர்க்யூ 5, யூஆர்ட் (சீரியல் சிப்) 16550ஏ என்று மூன்றையும் சொல்லிக் கொடுங்கள். இந்தக் கட்டளை எதையும் வன்பொருளில் மாற்றாது. நீங்கள் சொல்வதைக் கெர்னல் நம்பி எழுதிக்கொள்ளும், அவ்வளவே. ஜம்பரில் 5 வைத்துவிட்டு இங்கே 10 என்று சொன்னாலும் மறுபேச்சு பேசாது. ஆட்டோகான்ஃபிக் என்று சேர்த்தால் மட்டும் சிப்பைத் தட்டிப் பார்க்கும். தவறான முகவரி கொடுத்துத் தட்டச் சொன்னால் கணினியே நின்றுபோகலாம், அதனால் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு முயலுங்கள். சரியாக அமைந்தபின் அந்த வரியை பூட் ஸ்கிரிப்டில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை ஏற்றும்போது பழைய கதைதான்.

பிஎஸ்டி என்ற இன்னொரு யூனிக்ஸ் வகையின் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு, ஆனாலும் சொல்லலாம். ஃப்ரீபிஎஸ்டியில் இதெல்லாம் டிவைஸ் ஹின்ட்ஸ் கோப்பில் இருக்கும். பழைய பதிப்புகளில் டிரைவரின் பெயர் எஸ்ஐஓ, 8.0-இலிருந்து யூஆர்ட். பழைய பதிப்புகளின் அந்தக் கோப்பில் மூன்றாவது போர்ட்டுக்கு 5, நான்காவதற்கு 9 என்று ஆரம்பத்திலேயே தனித்தனியாகக் கொடுத்து, முடக்கி வைத்திருப்பார்கள். முடக்கத்தை நீக்கி, ஜம்பரையும் அதே எண்களில் வைத்தால் போதும். லினக்ஸ்காரர்கள் டாஸ் அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டார்கள், ஃப்ரீபிஎஸ்டிகாரர்கள் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஐஆர்க்யூ சரியாக அமைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லினக்ஸின் ப்ராக் அடைவில் இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்து 5-க்கு எதிரே உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது போர்ட்டில் ஏதாவது அனுப்பிவிட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் கம்பி உயிரோடு இருக்கிறது. ஏறவில்லை, ஆனாலும் எழுத்துகள் பல வினாடி கழித்துக் கொத்துக் கொத்தாக வருகின்றன என்றால் ஐஆர்க்யூ தவறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இந்தத் தாமதத்தைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்து, கேபிளை மாற்றி, கடைசியில் கருவியையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த ஐஆர்க்யூவும் காலியில்லை என்றால் செட்சீரியலில் ஐஆர்க்யூ 0 என்று கொடுங்கள். கெர்னல் இன்டரப்ட்டுக்குக் காத்திராமல் அவ்வப்போது தானே போய்ப் பார்த்து வரும். யுபிஎஸ் மாதிரி எப்போதாவது ஒரு வார்த்தை பேசும் கருவிக்கு இது போதும், டெர்மினலுக்குப் போதாது.

அடுத்து சிப். கெர்னல் 16550ஏ என்று சொன்னால் நிம்மதி. 8250 அல்லது 16450 என்று சொன்னால், வரும் எழுத்தை வைத்துக்கொள்ள அதில் ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம். 9600 வேகத்தில் ஒரு எழுத்து வந்துசேர ஒரு மில்லி வினாடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும்; அதற்குள் கெர்னல் வந்து எடுத்துக்கொண்டுவிடும். 115200-இல் அந்த அவகாசம் 87 மைக்ரோ வினாடிதான். பழைய பென்டியம் வட்டில் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் அதற்குள் வராது; வந்த எழுத்தின் மேல் அடுத்த எழுத்து விழும். 16550ஏ-வில் 16 எழுத்துகள் வரிசையில் நிற்கலாம், கெர்னலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ‘ஏ’ இல்லாமல் வெறும் 16550 என்று வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அதிலும் வரிசை உண்டு, ஆனால் அது பிழையோடு பிறந்தது. டிரைவர் அதைத் தொடவே தொடாது. பழைய கார்டில் சிப் சாக்கெட்டில் செருகியிருந்தால் அதிர்ஷ்டம். 8250, 16450, 16550ஏ மூன்றும் 40 கால் கொண்ட ஒரே அமைப்பு என்பதால் பிடுங்கிவிட்டு 16550ஏஎஃப்என் ஒன்றைச் செருகலாம்.

எழுத்து விழுகிறதா என்பதையும் கண்ணால் பார்க்கலாம். ப்ராக் அடைவில் டிடிஒய், அதனுள் டிரைவர், அதனுள் சீரியல் என்ற கோப்பு. ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு வரி இருக்கும்: சிப், முகவரி, ஐஆர்க்யூ, அனுப்பியது, பெற்றது. பிழை நடந்திருந்தால் மட்டும் ஓஈ என்று ஒரு எண்ணிக்கை சேரும். வரிசை நிரம்பி எழுத்து தொலைந்தது என்று அர்த்தம். எஃப்ஈ என்று வந்தால் பெரும்பாலும் இரண்டு பக்க வேகமோ பிட் அமைப்போ பொருந்தவில்லை. ஓஈ ஏறிக்கொண்டே போனால் பழைய ஐடிஈ வட்டுதான் எனக்கு முதல் சந்தேகம். டிஎம்ஏ (செயலியை நாடாமல் தரவை நகர்த்தும் முறை) இல்லாமல் ஓடும் வட்டு, தரவை எடுக்கும்போது மற்ற இன்டரப்ட்டுகளை நிறுத்தி வைக்கும். ஹெச்டிபார்ம் கட்டளையின் ‘யு’ விருப்பம் இதைத் தளர்த்தும். ஆனால் சிஎம்டி640 போன்ற சில பழைய ஐடிஈ சிப்புகளில் அதைப் போட்டால் வட்டில் உள்ள தரவே கெடலாம். உங்கள் மதர்போர்டில் என்ன சிப் என்று தெரியாமல் அதை முயல வேண்டாம்.

நான்காவது போர்ட்டின் 2ஈ8 முகவரியில் ஒரு கோளாறு உண்டு. எஸ்3 வகை வீடியோ கார்டுகள் 42ஈ8 போன்ற நீண்ட முகவரிகளைப் பயன்படுத்தும். பழைய ஐஎஸ்ஏ சீரியல் கார்டுகள் முகவரியின் கடைசி 10 பிட்டை மட்டுமே பார்ப்பதால் 42ஈ8-உம் 2ஈ8-உம் அவற்றுக்கு ஒன்றுதான். திரையில் ஜன்னலை நகர்த்தினால் சீரியல் போர்ட்டில் குப்பை, அல்லது சீரியலில் எழுதினால் திரையில் கோலம். இப்படி ஏதாவது கண்டால் நான்காவது போர்ட்டை வேறு முகவரிக்கு மாற்றுங்கள், கார்டு இடம் கொடுத்தால்.

இவ்வளவு தூரம் ஐஎஸ்ஏ பற்றியே பேசினேன், ஏனென்றால் உங்களிடம் இருப்பது அது. இன்னும் கார்டு வாங்காத ஒருவர் கேட்டிருந்தால் பிசிஐ கார்டு என்றுதான் சொல்லியிருப்பேன். பென்டியம் என்றால் பிசிஐ ஸ்லாட் இருக்க வேண்டும், பாருங்கள். பிசிஐயில் இன்டரப்ட் பகிர்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. நான்கு போர்ட்டும் ஒரே ஐஆர்க்யூவில் சண்டையில்லாமல் இருக்கும். முகவரியும் தானாக அமையும், எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை காட்டும். கவனிக்க வேண்டியவை மூன்று. பழைய ஸ்லாட்டுகள் 5 வோல்ட் வகை. கார்டின் விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் அது இரண்டு வகையிலும் பொருந்தும், 3.3 வோல்ட் வெட்டு மட்டும் இருந்தால் நுழையவே நுழையாது. இரண்டாவது, பல லினக்ஸ் கெர்னல்கள் தொடக்கத்தில் நான்கு போர்ட்டுக்கு மட்டுமே இடம் ஒதுக்கும். கார்டு எல்எஸ்பிசிஐயில் தெரிந்தும் டிடிஒய்எஸ்4 வரவில்லை என்றால் 8250 டிரைவரின் என்ஆர் யூஆர்ட்ஸ் அளவை 8 ஆக்கிப் பூட் செய்து பாருங்கள். மூன்றாவது, சீரியலோடு பிரிண்டர் போர்ட்டும் சேர்ந்த கார்டு என்றால் அதைக் கவனிப்பது வழக்கமான டிரைவர் இல்லை, பார்போர்ட் சீரியல் என்ற தனி மாட்யூல். அதை ஏற்றாமல் ‘கார்டு செத்துவிட்டது’ என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. போர்ட் வந்தும் எழுத்துகள் குப்பையாக வந்தால் கார்டின் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். வழக்கமான கடிகாரம் 1.8432 மெகாஹெர்ட்ஸ், அதனால்தான் உச்ச வேகம் 115200. சில கார்டுகளில் இது எட்டு மடங்கு, 14.7456. கெர்னல் இதை அறியாவிட்டால் நீங்கள் 9600 என்று வைத்தது வெளியே 76800 ஆகப் போகும். செட்சீரியலில் பாட் பேஸ் 921600 என்று சொன்னால் சரியாகும்.

எட்டு, பதினாறு போர்ட் கொண்ட, சொந்தச் செயலியோடு வந்த சைக்ளேட்ஸ், ஸ்டாலியன் மாதிரி போர்டுகள் கண்ணில் பட்டால் ஆசைப்படாதீர்கள். அருமையான போர்டுகள்தான், ஆனால் அந்த டிரைவர்களைப் புதிய லினக்ஸ் கெர்னல்களில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

யுஎஸ்பி கேபிள்? வேலை செய்யும். இந்தக் கேபிள்களில் இருக்கும் சிப்புகளான எஃப்டிடிஐ, பிஎல்2303, சிஹெச்341 எல்லாவற்றுக்கும் கெர்னலில் டிரைவர் உண்டு. கணினியில் யுஎஸ்பி 1.1 இருந்தால்கூடப் போதும். இரண்டு குறைகள். செருகும் வரிசை மாறினால் டிடிஒய்யுஎஸ்பி எண் மாறிவிடும். எண்ணை நம்பாமல், யுடெவ் (கருவிகளுக்குப் பெயர் சூட்டும் நிரல்) இருந்தால், சீரியல் அடைவின் பை-ஐடி பெயரைப் பயன்படுத்துங்கள். எஃப்டிடிஐ சிப் வந்த எழுத்துகளை வழக்கமாக 16 மில்லி வினாடி வரை சேர்த்து வைத்துத்தான் தரும். கேள்வி பதிலாக ஓயாமல் பேசும் கருவிகளில் இது உறைக்கும். அந்த அளவை 1 ஆகக் குறைக்க முடியும். கெர்னல் செய்திகளைக் காட்டும் கன்சோலுக்கு மட்டும் யுஎஸ்பி வேண்டாம். யுஎஸ்பி எழும்புவதற்குள் முக்கியமான செய்திகள் போய்விடும்.

மதர்போர்டின் 10 பின் தலையில் இருந்து பின்பக்கத்துக்கு வரும் ரிப்பன் கேபிளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இவற்றில் இரண்டு வகை வயரிங் உண்டு. ஒன்றில் தலையின் 1, 2, 3 அப்படியே வெளி இணைப்பியின் 1, 2, 3. மற்றதில் தலையின் 1, 2, 3 என்பது வெளியே 1, 6, 2. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறு மதர்போர்டின் கேபிளைச் செருகிவிட்டு நான் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். போர்ட் தெரிகிறது, இன்டரப்ட் சரி, அனுப்பிய எண்ணிக்கை ஏறுகிறது, வெளியே மட்டும் ஒன்றும் வரவில்லை. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நிமிட வேலை: கணினிப் பக்க 9 பின் இணைப்பியில் கருப்பு முனையை 5-இல், சிவப்பை 3-இல் வையுங்கள். சும்மா இருக்கும் போர்ட்டில் 5 முதல் 12 வோல்ட் வரை எதிர்மறையாகக் காட்ட வேண்டும். அந்த எதிர்மறை வேறு பின்னில் கிடைத்தால் கேபிள் தப்பு.

அது சரியாக இருந்தால் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, மினிகாம் என்ற டெர்மினல் நிரலில் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். தட்டியது திரையில் திரும்பி வந்தால் போர்ட் நல்ல நிலையில் இருக்கிறது. அப்புறம் மிச்சம் கேபிளும் கருவியும்தான். போர்ட்டைத் திறக்கும் நிரல் திறக்கும் இடத்திலேயே தொங்கினால், அது எதிர்முனை இணைந்துவிட்டது என்று சொல்லும் கேரியர் சிக்னலுக்குக் காத்திருக்கிறது. எஸ்டிடிஒய் கட்டளையில் சிலோக்கல் போடுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் டிடிஒய்யு பெயருக்குப் பதிலாகக் குவாயு பெயரில் திறந்தால் காத்திருக்காது.

ஜம்பரை 5-க்கு மாற்றி, செட்சீரியலிலும் சொல்லிவிட்டு, முதல் போர்ட்டில் டெர்மினலையும் மூன்றாவதில் கருவியையும் சேர்ந்தே ஓட விடுங்கள். அப்போதும் உறைந்தால் ப்ராக் சீரியல் கோப்பின் நான்கு வரிகளையும் இன்டரப்ட்ஸ் கோப்பையும் முழுதாக இங்கே ஒட்டுங்கள். கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது. ஜம்பருக்குப் பக்கத்தில் உள்ள அச்செழுத்து தெரியும்படி எடுங்கள்.